குழாய்க்குள் உறையும் வாயு: ஹைட்ரேட் எப்போது உருவாகும் என்று கணக்கிடுவது எப்படி?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளைமேடை வெடித்து 11 பேர் உயிரிழந்தார்கள். கீழே, சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், மக்கோண்டோ கிணற்றிலிருந்து எண்ணெயும் வாயுவும் கடலுக்குள் கொட்டிக்கொண்டே இருந்தன. மே மாதத் தொடக்கத்தில், நாலு மாடி உயரமுள்ள ஒரு பெரிய இரும்புக் கூடத்தைக் கடலடிக்கு இறக்கினார்கள். கசிவின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, உச்சியில் உள்ள திறப்பு வழியாக எண்ணெயைக் குழாய் மூலம் கப்பலுக்கு ஏற்றுவது திட்டம். அது நடக்கவில்லை. கூடத்துக்குள் பனிக்கட்டி போன்ற ஒரு பொருள் வேகமாகத் திரண்டு மேல் திறப்பை அடைத்துவிட்டது. தண்ணீரைவிட லேசான அந்தப் பொருள் சேரச் சேர, கூடமே மிதக்கப் பார்த்தது. அதைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பொருள்தான் வாயு ஹைட்ரேட். அது பனிக்கட்டி அல்ல. அங்கே கடலடி நீரின் வெப்பநிலை 4, 5 டிகிரி செல்சியஸ். சாதாரணத் தண்ணீர் அந்த வெப்பநிலையில் உறையாது. ஆனால் அதிக அழுத்தத்தில் மீத்தேன் போன்ற சிறிய வாயு மூலக்கூறுகள் கூட இருந்தால், தண்ணீர் அவற்றைச் சுற்றிக் கூண்டு கட்டிப் படிகமாகிவிடும். பெட்ரோலியப் பொறியாளருக்கு இதில் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் இது நடக்கும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கணித மாதிரியைத்தான் இந்தக் கட்டுரையில் அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம். பள்ளி வேதியியல் நினைவில் இருந்தால் போதும்.

ஹைட்ரேட் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1810 வாக்கில் ஹம்ப்ரி டேவி, குளோரின் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து திடப்பொருளாவதைக் கவனித்தார். நூறு வருடங்களுக்கும் மேலாக அது ஆய்வகத்து அதிசயமாகவே இருந்தது. 1934-இல் அமெரிக்காவில் ஹாமர்ஷ்மிட் என்பவர், குளிர்காலத்தில் இயற்கை வாயுக் குழாய்கள் அடைத்துக்கொள்வதற்குப் பல நேரங்களில் பனிக்கட்டி காரணமில்லை, ஹைட்ரேட்தான் காரணம் என்று காட்டினார். அன்றிலிருந்து அது தொழிற்சாலையின் பிரச்சினை.

கூண்டுகளின் கணக்கு

தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பல முகங்கள் கொண்ட கூண்டுகளாக அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு வாயு மூலக்கூறு உட்காரும். அதற்கும் தண்ணீருக்கும் இடையே வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. அது அங்கே வெறும் விருந்தாளி. துறையில் இருப்பவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள்: விருந்தாளி மூலக்கூறு, விருந்தோம்பும் தண்ணீர்.

எண்ணெய் வயல்களில் பெரும்பாலும் இரண்டு படிக அமைப்புகள் வரும். முதல் அமைப்பில், ஓர் அலகுக்கு 46 தண்ணீர் மூலக்கூறுகள். அவற்றால் ஆன 2 சிறிய கூண்டுகள், 6 பெரிய கூண்டுகள். தூய மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இந்த வகையைத் தருபவை. இரண்டாம் அமைப்பில் 136 தண்ணீர் மூலக்கூறுகள், 16 சிறிய கூண்டுகள், 8 பெரிய கூண்டுகள். இதன் பெரிய கூண்டு முதல் அமைப்பின் பெரிய கூண்டைவிட விசாலமானது. புரொப்பேன் அளவுள்ள மூலக்கூறு இதில்தான் பொருந்தும். அமைப்பு எச் என்று மூன்றாவது ஒன்றும் 1987-இல் தெரியவந்தது. அது குழாய்ப்பாதைக் கணக்குகளில் அதிகம் வராது, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாக் கூண்டுகளும் நிரம்பிவிட்டதாக வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் மீத்தேன் ஹைட்ரேட்டுக்குள் சாதாரண வெப்ப அழுத்த நிலையில் 164 கன மீட்டர் இடத்தை நிரப்பக்கூடிய வாயு இருக்கும். இதை எரிபொருள் வளமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த எண் ஆசை காட்டும். குழாயைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு இதே எண்தான் கவலை.

ஏன் ஒரு கோடு?

ஹைட்ரேட் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு வரைபடம் இருக்கும். கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் அழுத்தம், நடுவே மேல்நோக்கி வளையும் ஒரு கோடு. கோட்டுக்கு இடது மேல் பக்கம், அதாவது குளிரும் அழுத்தமும் அதிகமான பக்கம், ஹைட்ரேட் நிலைத்திருக்கும். வலது கீழ்ப் பக்கம் அது கரைந்து தண்ணீரும் வாயுவுமாகப் பிரியும்.

ஏன் இது கோடாக இருக்கிறது, பரப்பாக இல்லை? கிப்ஸின் நிலைமை விதியில் விடை இருக்கிறது. கூறுகளின் எண்ணிக்கையிலிருந்து நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்டினால், நாம் சுதந்திரமாக மாற்றக்கூடிய மாறிகளின் எண்ணிக்கை கிடைக்கும். தண்ணீர், மீத்தேன் என்று இரண்டு கூறுகள். திரவத் தண்ணீர், வாயு, ஹைட்ரேட் என்று மூன்று நிலைமைகள். 2 − 3 + 2 = 1. மூன்றும் ஒன்றாகச் சமநிலையில் இருக்க வேண்டுமென்றால் நம் கையில் இருப்பது ஒரே ஒரு மாறி. வெப்பநிலையை நாம் சொல்லிவிட்டால் அழுத்தத்தை இயற்கை தீர்மானித்துவிடும். அதனால்தான் கோடு.

தூய மீத்தேனுக்கு அந்தக் கோடு தோராயமாக இப்படிப் போகும்: 0 டிகிரியில் 26 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்), 4 டிகிரியில் 39 பார், 10 டிகிரியில் 71 பார். பத்து டிகிரி ஏறுவதற்குள் அழுத்தம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அழுத்தத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும். அந்தச் சாய்வு ஹைட்ரேட்டை உடைக்கத் தேவைப்படும் வெப்பத்தைச் சொல்லும். 0 டிகிரியை ஒட்டி அந்த நேர்கோடு சட்டென்று சாய்வு மாறும். அதற்குக் கீழே திரவத் தண்ணீர் இருந்த இடத்தில் பனிக்கட்டி இருப்பதுதான் காரணம்.

மக்கோண்டோவை இந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 1,500 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 150 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தூய மீத்தேன் ஹைட்ரேட்டே 16, 17 டிகிரி வரை தாங்கும். ஈத்தேனும் புரொப்பேனும் கலந்த வழக்கமான இயற்கை வாயு என்றால் 20 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கடல்நீரின் உப்பு ஒன்றிரண்டு டிகிரி குறைக்கலாம். சுற்றியிருந்த நீரோ 4, 5 டிகிரி. கோட்டின் ஓரத்தில்கூட அல்ல, ஹைட்ரேட் பகுதியின் நட்டநடுவில் அந்தக் கூடம் இறங்கியது.

தண்ணீர் எந்தப் பக்கம் சாயும்?

கோட்டைப் பரிசோதனை மூலம் வரையலாம். 1940-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் காட்ஸும் அவரோடு பணிபுரிந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். வாயுவின் ஒப்படர்த்தியை மட்டும் தெரிந்துகொண்டு அழுத்தத்தைப் படித்துவிடக்கூடிய அவர்களுடைய வரைபடம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படுகிறது. ஆனால் வயலுக்கு வயல் வாயுவின் கலவை மாறும். ஒவ்வொரு கலவைக்கும் பரிசோதனை செய்து மாளாது. ஒரு கோட்பாடு வேண்டும்.

அதைத் தந்தவர்கள் வான் டெர் வால்ஸும் பிளாட்டீயுவும், 1959-இல். இந்த வான் டெர் வால்ஸ் வேறு, 1910-இல் நோபல் பரிசு பெற்ற வான் டெர் வால்ஸ் வேறு. நோபல் பெற்றவர் யோகான்னஸ் டிடெரிக். இவர் யோவான் ஹென்ரி. பெயர் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் அடிக்கடி குழம்புகிற இடம் இது.

அவர்களுடைய யோசனை இதுதான். தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு வழிகள் உள்ளன: திரவத்தில் இருக்கலாம், அல்லது ஹைட்ரேட் படிகத்தில் இருக்கலாம். எந்த இடத்தில் அதன் கெமிக்கல் பொட்டென்ஷியல் (ஒரு பொருள் ஓரிடத்தை விட்டு நகர எவ்வளவு துடிக்கிறது என்பதன் ஆற்றல் அளவு) குறைவோ, அந்தப் பக்கம் அது போகும். இரண்டும் சமமாகும் புள்ளிதான் கோட்டின் மேல் உள்ள புள்ளி. ஆக முழுக் கணக்கும் தண்ணீரைப் பற்றியது. வாயு அதில் தராசைச் சாய்க்கும் வேலையை மட்டும் செய்கிறது.

எப்படிச் சாய்க்கிறது? முதலில் ஒரு கற்பனை: விருந்தாளியே இல்லாத வெற்றுக் கூண்டுகளால் ஆன படிகம். அது நிலைத்திருக்காது. 0 டிகிரியில் சாதாரணப் பனிக்கட்டியைவிட அதன் கெமிக்கல் பொட்டென்ஷியல் மோலுக்குச் சுமார் 1.2 முதல் 1.3 கிலோஜூல் அதிகம். 0 டிகிரியில் பனிக்கட்டியும் திரவத் தண்ணீரும் சமநிலையில் இருப்பதால், திரவத்துக்கும் ஏறக்குறைய இதே இடைவெளிதான். இந்த இடைவெளியை விருந்தாளிகள் அடைக்க வேண்டும். அடைத்தால் ஹைட்ரேட் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அடுத்து, கூண்டுகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்ற கேள்வி. இதற்கு லாங்மியூர் தந்த பழைய சூத்திரமே உதவுகிறது. காலை நேரத்து டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏற ஏற முதலில் சீட்டுகள் மளமளவென்று நிரம்பும். கடைசிச் சில சீட்டுகள் நிரம்பத்தான் நேரமாகும். கூண்டுகளும் அப்படித்தான். நிரம்பிய பங்கு = (லாங்மியூர் மாறிலி × ஃபுகாசிட்டி) ÷ (1 + லாங்மியூர் மாறிலி × ஃபுகாசிட்டி). ஃபுகாசிட்டி என்பது வாயுவின் அழுத்தத்தைத் திருத்தி எழுதிய வடிவம். உண்மையான வாயு இலட்சிய வாயுவிலிருந்து விலகுவதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். லாங்மியூர் மாறிலி அந்த வாயு அந்தக் கூண்டுக்குள் எவ்வளவு வசதியாகப் பொருந்துகிறது என்பதைச் சொல்லும்.

கடைசிப் படி: கூண்டுகள் நிரம்புவதால் தண்ணீரின் பொட்டென்ஷியல் எவ்வளவு இறங்கும்? ஒவ்வொரு கூண்டு வகைக்கும், ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கு எத்தனை கூண்டு என்ற எண்ணை, காலியாக இருக்கும் பங்கின் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்க வேண்டும்.

கேட்பதற்குப் பயமாக இருக்கலாம். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். 0 டிகிரியில் மீத்தேன் ஹைட்ரேட்டை எடுத்துக்கொள்வோம். பெரிய கூண்டுகள் 97 சதவீதமும் சிறிய கூண்டுகள் 87 சதவீதமும் நிரம்பியிருப்பதாக வைப்போம். இவை யதார்த்தத்துக்கு நெருக்கமான எண்கள். முதல் அமைப்பில் 46 தண்ணீருக்கு 6 பெரிய கூண்டுகள், அதாவது ஒரு தண்ணீருக்கு 3/23. சிறியவை 1/23. பெரிய கூண்டில் காலி இடம் 0.03, அதன் மடக்கை −3.5, 3/23-ஆல் பெருக்கினால் −0.457. சிறியதில் காலி இடம் 0.13, மடக்கை −2.04, 1/23-ஆல் பெருக்கினால் −0.089. கூட்டினால் −0.546. வாயு மாறிலியையும் 273 கெல்வினையும் பெருக்கினால் 2.27 கிலோஜூல். ஆக இறக்கம் மோலுக்கு 1.24 கிலோஜூல். வெற்றுக் கூண்டுக்கும் பனிக்கட்டிக்கும் இருந்த இடைவெளி எவ்வளவு? 1.2 முதல் 1.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. 0 டிகிரி, 26 பார் என்ற புள்ளி கோட்டின் மேல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கூண்டுகளை எண்ணி, ஒரு மடக்கை போட்டு, கடலடிக் குழாயின் கதியைச் சொல்ல முடிகிறதே என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 90 சதவீதம் நிரம்பிய கூண்டுக்கு மடக்கை −2.3, 99 சதவீதத்துக்கு −4.6. கடைசி ஒன்பது சதவீதம் தரும் பலம், அதற்கு முன் வந்த தொண்ணூறு சதவீதம் தந்த பலத்துக்குச் சமம். கூண்டுகளில் பெரும்பகுதி நிரம்பாமல் ஹைட்ரேட் நிற்கவே முடியாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

1959-இல் எழுதப்பட்ட இந்தக் கோட்பாடு பொறியாளர்களின் மேசைக்கு வந்தது 1972-இல். பாரிஷும் பிரவுஸ்னிட்ஸும் பல வாயுக்கள் கலந்த கலவைக்கு இதைக் கணினியில் போடும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். லாங்மியூர் மாறிலியை, விருந்தாளிக்கும் கூண்டுச் சுவருக்கும் இடையேயான ஈர்ப்பு விலக்கலிலிருந்து கணக்கிட்டு, பரிசோதனை எண்களோடு பொருத்திச் சரிசெய்வது வழக்கம். வாயுவின் ஃபுகாசிட்டிக்கு, அழுத்தம், வெப்பநிலை, கன அளவு மூன்றையும் இணைக்கும் 1972-இன் சோவே சமன்பாடு அல்லது 1976-இன் பெங் ராபின்சன் சமன்பாடு. இன்றைய மென்பொருள்கள் எல்லாமே பெரும்பாலும் இந்த எலும்புக்கூட்டின் மேல் சதை வைத்தவைதான்.

ஒரு சதவீதப் புரொப்பேன்

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது? வெப்பநிலையைக் கொடுத்தால், அழுத்தத்தை உத்தேசமாக எடுத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு வாயுவின் ஃபுகாசிட்டி, பிறகு கூண்டுகளின் நிரம்பல், அப்புறம் படிகத்தில் தண்ணீரின் பொட்டென்ஷியல், திரவத்தில் அதன் பொட்டென்ஷியல். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அழுத்தத்தை மாற்றித் திரும்பவும். இதை முதல் அமைப்புக்கும் இரண்டாம் அமைப்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எது குறைந்த அழுத்தத்திலேயே உருவாகிறதோ அதுதான் வரும்.

அமைப்பு மாறுவது சின்ன விஷயமல்ல. தூய மீத்தேனுக்கு 4 டிகிரியில் 39 பார் வேண்டும் என்று பார்த்தோம். அதில் வெறும் ஒரு சதவீதம் புரொப்பேன் கலந்தால் தேவைப்படும் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். புரொப்பேன் இரண்டாம் அமைப்பின் பெரிய கூண்டுகளில் கச்சிதமாகப் பொருந்தி அவற்றைக் குறைந்த அழுத்தத்திலேயே நிரப்பிவிடுகிறது. மீத்தேன் சிறிய கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறது. எனவே வாயு மாதிரியைப் பகுப்பாய்வு செய்யும்போது புரொப்பேன், ஐசோபியூட்டேன் போன்ற சிறு அளவுக் கூறுகளை உதறிவிட்டு மீத்தேன் என்றே கணக்குப் போடுவது ஆபத்து. வரும் விடை பாதுகாப்பாகத் தெரியும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

மெத்தனால் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

ஹைட்ரேட்டைத் தடுக்க எளிய வழி, தண்ணீரில் மெத்தனாலோ கிளைக்கால் என்ற ஆல்கஹால் வகையோ கலப்பது. அவை தண்ணீர் மூலக்கூறுகளைத் தங்களோடு பிடித்துவைத்துக்கொள்கின்றன. நம் மொழியில் சொன்னால், திரவத்தில் தண்ணீரின் பொட்டென்ஷியல் இறங்குகிறது. ஹைட்ரேட் வெல்ல வேண்டுமென்றால் இன்னும் அதிகக் குளிரோ அழுத்தமோ வேண்டும். கோடு இடது பக்கம் நகர்ந்துவிடுகிறது.

எவ்வளவு நகரும் என்பதற்கு ஹாமர்ஷ்மிட் தந்த சூத்திரம் இன்றும் வாழ்கிறது. நகரும் டிகிரி = 1297 × எடைச் சதவீதம் ÷ [மூலக்கூறு எடை × (100 − எடைச் சதவீதம்)]. மெத்தனாலின் மூலக்கூறு எடை 32. தண்ணீரில் 20 சதவீதம் மெத்தனால் என்றால் 25,940-ஐ 2,560-ஆல் வகுக்க, சுமார் 10 டிகிரி. செறிவு அதிகமானால் இந்தச் சூத்திரம் பிசகத் தொடங்கும். அப்போது முழு மாதிரிக்குப் போக வேண்டும்.

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூத்திரத்தில் வரும் சதவீதம் தண்ணீருக்குள் இருக்கும் மெத்தனாலின் சதவீதம். உள்ளே செலுத்தும் மெத்தனாலில் ஒரு பங்கு ஆவியாகி வாயுவோடு போய்விடும், இன்னொரு பங்கு எண்ணெயில் கரைந்துவிடும். தண்ணீருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதே தனிக் கணக்கு. மெத்தனால் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்துக்கொள்வதால் சாதாரண சமன்பாடுகள் இங்கே தடுமாறும். அதற்காகவே பிணைப்பையும் சேர்த்துக் கணக்கிடும் சிபிஏ (கியூபிக் பிளஸ் அசோசியேஷன்) வகைச் சமன்பாடுகள் வந்தன.

நார்வேயின் ஓர்மன் லாங்கே வயல் இதற்கு நல்ல உதாரணம். 800 முதல் 1,100 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கிணறுகளிலிருந்து வாயு சுமார் 120 கிலோமீட்டர் கடலடிக் குழாயில் கரைக்கு வருகிறது. அங்கே கடலடி வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே. கரையிலிருந்து தனிக் குழாயில் மோனோ எத்திலீன் கிளைக்காலை அனுப்பி, கிணற்றுத் தலையில் கலந்து, திரும்பி வந்ததும் பிரித்தெடுத்து மறுபடி அனுப்புகிறார்கள். அந்தக் கிளைக்கால் ஓட்டத்தின் அளவை முடிவு செய்வது நாம் மேலே பார்த்த கோடுதான்.

கோடு சொல்லாதவை

இந்த மாதிரிக்கு எல்லைகள் உண்டு. ஒரு கூண்டுக்கு ஒரே விருந்தாளி, விருந்தாளிகள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை, கூண்டு விரியவோ சுருங்கவோ செய்யாது என்று வான் டெர் வால்ஸும் பிளாட்டீயுவும் எடுத்துக்கொண்டார்கள். மிக அதிக அழுத்தத்தில் இவை ஒவ்வொன்றும் தளரும். கொலராடோ சுரங்கக் கல்லூரியில் உருவான சிஎஸ்எம்ஜெம் போன்ற பிற்கால மாதிரிகள் கூண்டு உருமாறுவதையும் சேர்த்துக்கொண்டன.

அதைவிட முக்கியமானது நேரம். கோடு சமநிலையைச் சொல்லும். உருவாக எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லாது. கோட்டைத் தாண்டி சில டிகிரி குளிர்ந்த பிறகும் முதல் படிகம் பிறக்க மணிக்கணக்கில் ஆகலாம், சீக்கிரமே பிறந்தும் விடலாம். அந்தத் தாமதத்தையே நீட்டிக்கும் பாலிமர் வகைத் தடுப்பான்களும் சந்தையில் உண்டு. அவற்றை மதிப்பிடச் சமநிலை மாதிரி போதாது. ஆனாலும் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி உள்ளே இருக்கிறோம் என்ற எண் இல்லாமல் அந்த மதிப்பீட்டைத் தொடங்கவும் முடியாது.

இதே கோட்டைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். கடலடி மண்ணில் எந்த ஆழம் வரை இயற்கையாக ஹைட்ரேட் நிலைத்திருக்கும் என்று கணக்கிட்டுத் தேடலாம். 2006-இல் ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் கப்பல் இந்தியக் கடற்பகுதியில் துளையிட்டபோது, கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் தடித்த ஹைட்ரேட் அடுக்கு கிடைத்தது. 2013-இல் ஜப்பான், நங்காய் பள்ளத்தில் கிணற்றின் அழுத்தத்தைக் குறைத்து, கோட்டுக்கு வெளியே தள்ளி, ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்துக் காட்டியது.

குழாய் ஏற்கெனவே அடைத்துவிட்டால்? அப்போதும் வழி அழுத்தத்தைக் குறைப்பதுதான், ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதில் கவனம் வேண்டும். 4 டிகிரிக் கடலில் கிடக்கும் மீத்தேன் ஹைட்ரேட் அடைப்பு, அழுத்தம் 39 பாருக்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். அவசரப்பட்டு வளிமண்டல அழுத்தம் வரை இறக்கினால், அங்கே ஹைட்ரேட்டின் சமநிலை வெப்பநிலை −80 டிகிரிக்கு அருகில். அடைப்பு சுற்றியுள்ள வெப்பத்தை வேகமாக உறிஞ்சும், விடுபட்ட தண்ணீர் அங்கேயே பனிக்கட்டியாக உறையும். பனிக்கட்டி அடைப்பை அழுத்தத்தைக் குறைத்துக் கரைக்க முடியாது. எனவே சமநிலை வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலும் கடல்நீரைவிடக் கீழும் இருக்கும்படி ஓர் அழுத்தத்தைக் கோட்டிலிருந்து படித்து எடுத்து, அதில் பொறுமையாக நிறுத்த வேண்டும். தூய மீத்தேனுக்கு அது 26-க்கும் 39-க்கும் இடையே வரும். கூடவே, அடைப்பின் இரண்டு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைத்தால், குழாய்ச் சுவரிலிருந்து விடுபட்ட அந்தக் கட்டி மறுபக்க அழுத்தத்தால் உந்தப்பட்டு, வளைவில் மோதிக் குழாயையே கிழித்துவிடும் வேகத்தில் பாயும்.